‘எக்ஸெல்’ போதும் என்றேன்!

தீபாவளிக்கு இன்னும் எட்டே நாள். குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணம் அப்போதுதான் பாங்கில் ஏறியிருந்தது. “புள்ளைங்களுக்கும் உனக்கும் எடுத்துக்கிட்டு வந்துடு. எனக்கு ஒரு வேட்டி போதும்” என்று சொல்லிவிட்டு இவர் வயலுக்குக் கிளம்பிவிட்டார். நான், என் நாத்தனார், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மூத்தவள் மூவரும் பாபநாசத்தில் பஸ் ஏறி, கும்பகோணம் கடைத்தெருவில் போய் இறங்கினோம். இது மூன்று தீபாவளிக்கு முந்தைய கதை.

குழந்தைகளுக்கு எடுத்து முடித்தாயிற்று. எனக்கு லெக்கிங்ஸ் வாங்க வேண்டும். அந்த மாடியில் கால் வைக்க இடமில்லை. கவுன்ட்டரில் நின்ற பெண்ணுக்கு இருபது வயசு இருக்கும். என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள். அந்தக் கூட்டத்திலும் கணீரென்று, “அக்காவுக்கு டபுள் எக்ஸெல்தான் வரும். எக்ஸெல் பத்தாது!” என்றாள்.

எனக்குப் பக்கத்தில் யார் நின்றிருந்தார்கள் தெரியுமா? என் மகளோடு படிக்கும் பெண்ணின் அம்மா. கொடி மாதிரி இருப்பாள். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். சும்மா மரியாதைக்குச் சிரித்ததாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

“எக்ஸெல் போதும்மா. என் அளவு எனக்குத் தெரியாதா?” என்றேன். கறுப்பு ஒன்று, அரக்கு ஒன்று, உடம்பு நிறத்தில் ஒன்று. மூன்றும் எக்ஸெல்.

உண்மையைச் சொல்லுங்கள். உங்களில் எத்தனை பேர் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறீர்கள்?

2011-ல் எனக்குக் கல்யாணம் ஆனபோது ஐம்பத்திரண்டு கிலோ. பையன் பிறந்து இரண்டு வருஷம் ஆன பிறகும் எழுபத்தொன்று. மனசு மட்டும் ஐம்பத்திரண்டிலேயே நின்றுகொண்டிருந்தது.

லெக்கிங்ஸ் என் வீட்டுக்குள் வந்தது ஆசையால் இல்லை, அவசரத்தால். அதற்கு முன்னால் டெய்லர் தைத்த சுடிதார் பாட்டம். துணியைக் குறுக்காக, ‘க்ராஸ்’ வைத்து வெட்டுவார். அப்போதுதான் முழங்கால் மடங்கும். ஒவ்வொரு டாப்ஸுக்கும் தனித்தனி பாட்டம், அதற்குத் தனித்தனி நாடா. குழந்தை ஒரு பக்கம் அழும், நாடா ஒரு பக்கம் முடிச்சுப் போட்டுக்கொண்டு அவிழாது. லெக்கிங்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. நாலு நிறம் இருந்தால் பத்து டாப்ஸை ஓட்டிவிடலாம். ஸ்கூட்டியில் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடச் சௌகரியம். ஐப்பசி அடைமழையில் புடவை இரண்டு நாளானாலும் காயாது. இதை ராத்திரி ஃபேனுக்கடியில் போட்டால் காலையில் உடுத்திக்கொள்ளலாம்.

ஆனால் இதைப் போடுவதற்கு நாம் கேட்ட பேச்சு கொஞ்சமா? 2015 செப்டம்பரில் ஒரு தமிழ்ப் பத்திரிகை, தெருவில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களை அவர்களுக்குத் தெரியாமல் படமெடுத்து, லெக்கிங்ஸ் ஆபாசம் என்று அட்டையிலேயே போட்டது. பெண்கள் கொதித்தெழுந்து கண்டித்தார்கள். அந்த நவம்பரில் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவுப்படி, 2016 ஜனவரி முதல் தேதியிலிருந்து அறநிலையத் துறைக் கோயில்களில் பெண்கள் புடவை, தாவணி, மேல்துணியோடு சுடிதார் என்று வரச் சொன்னார்கள். அந்த வாரம் மூத்தவளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றுக்குப் போனேன் (பெயர் வேண்டாம்). வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பூக்கடை அம்மாள் ஒரு பழைய வேட்டியைக் கொடுத்து, “இடுப்புல சுத்திக்கிட்டு உள்ள போ தாயி, சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது” என்றாள். அதே மாதம் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை வந்துவிட்டது.

போடலாமா, கூடாதா என்றுதான் ஊரே பேசிற்று. போடுகிறவள் எந்த அளவில் வாங்க வேண்டும், எந்தத் துணி நல்லது, உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

தீபாவளியன்று விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். புது லெக்கிங்ஸ், உடம்பு நிறத்தில் வாங்கினேனே, அது. நாத்தனார் வேகமாக வந்து என் பின்னால் நின்றுகொண்டாள். தன் துப்பட்டாவை எடுத்து என் இடுப்பில் போட்டாள். “அண்ணி, நிமிருங்க. உள்ள வாங்க” என்றாள் மெதுவாக. குனிந்தபோது துணி இழுபட்டு, கொசுவலை மாதிரி ஆகியிருக்கிறது. உள்ளே போட்டிருந்ததன் பூ டிசைன் வரை தெரிந்ததாம். எதிர்வீட்டுத் திண்ணையில் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பூமி பிளந்துவிடாதா என்றிருந்தது.

அதோடாவது நிறுத்தினேனா? அதை மட்டும் பீரோவில் போட்டுவிட்டுக் கறுப்பையும் அரக்கையும் தினம் போட்டேன். போட்டால் இறுக்கிப் பிடித்து ஒரு சுற்று இளைத்த மாதிரி தோன்றும். சாயங்காலம் கழற்றினால் இடுப்பைச் சுற்றி எலாஸ்டிக் தடம் சிவப்பாகப் பள்ளம் விழுந்திருக்கும். இடது தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போன மாதிரி ஒரு எரிச்சல். பிறகு தொடை இடுக்கில் அரிப்பு. வட்டமாக ஒரு படை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மருந்துக் கடையில் போய், கையில் படை என்று பொய் சொல்லி ஒரு க்ரீம் வாங்கினேன். இரண்டே நாளில் அரிப்பு அடங்கிற்று. ஒரு மாதத்தில் முன்னைவிடப் பெரிதாக, வயிறு வரைக்கும் வந்துவிட்டது.

தஞ்சாவூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். பார்த்தவுடன் கேட்டார்: “க்ரீம் போட்டீங்களா?” நான் வாங்கியது ஸ்டீராய்டு கலந்தது. அது சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும். பூஞ்சை மட்டும் உள்ளுக்குள் பரவிக்கொண்டே போகும். கேட்காமல் கொள்ளாமல் இப்படி க்ரீம் வாங்கிப் பூசியே நிறையப் பேர் படர்தாமரையை முற்றவிட்டுக்கொண்டு வருகிறார்களாம். தொடை மரத்ததற்கும் காரணம் சொன்னார். இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் தொடைக்குப் போகும் ஒரு நரம்பு இருக்கிறது; இறுக்கமான பட்டை அதை அழுத்தினால் அந்த இடம் மரக்கும், எரியும்.

“என்ன சைஸ் போடறீங்க?”

“டபுள் எக்ஸெல் டாக்டர்” என்றேன். அங்கேயும் பொய்!

இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டியிருந்தது. இவருக்கும் தொற்றியிருக்கிறதா என்று பார்த்தார்கள். அந்த மூன்றையும் தூக்கி எறிந்தேன். மாத்திரையைப் பார்த்ததும் அத்தைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

“பதினேழு சதத்துக்கு மேல ஈரமிருந்தா நெல்லையே கொள்முதல்ல எடுக்க மாட்டான். ஈரத்தோட மூட்டையில அடைச்சு இறுக்கித் தெச்சா உள்ள வெந்து பூசணம் புடிக்கும். ஒடம்புக்கு மட்டும் வேற நியாயமா?” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

இதையெல்லாம் விட என்னை உலுக்கியது வேறொன்று. பொங்கலுக்கு முன்னால் ஒரு காலை. மூத்தவள் தட்டில் இரண்டு இட்லி. மூன்றாவதை வைக்கப் போனேன். தட்டைக் கையால் மறைத்துக்கொண்டாள். “வேண்டாம்மா. அப்புறம் நானும் டபுள் எக்ஸெல் ஆயிடுவேன்.”

பத்து வயசு! கடையில் நான் சொன்ன பொய்யை, நான் சிவந்ததை, எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? நான் ஒன்றும் பேசவில்லை. பேச வாய் வரவில்லை.

அன்று மத்தியானம் நாத்தனாரைக் கூப்பிட்டு, “எனக்கு அளவெடு” என்றேன்.

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ‘செக்கிங்’ பார்த்தவள். எங்கள் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் போன பெண்கள் நிறைய. (திருப்பூருக்கும் நமக்கும் வேறு ஒரு சம்பந்தமும் உண்டு. அங்கே ஓடும் நொய்யல் கடைசியில் நம் காவிரியில்தான் கலக்கிறது. சாயக் கழிவால் அந்த ஆறு பட்ட பாட்டைப் பார்த்து, 2011 ஜனவரியில் ஐகோர்ட் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லிற்று. நாம் உடுத்தும் நிறத்துக்கு யாரோ விலை கொடுக்கிறார்கள். அது கிடக்கட்டும்.)

நாடாவைச் சுற்றினாள். இடுப்பு முப்பத்தாறு. உட்காரும் இடத்தில் எங்கே அதிக அகலமோ அங்கே நாற்பத்துநாலு. “அண்ணி, எக்ஸெல், டபுள் எக்ஸெல்ங்கிறதெல்லாம் சும்மா பேரு. ஒரு கம்பெனி எக்ஸெல் இன்னொரு கம்பெனி டபுள் எக்ஸெல்லா இருக்கும். அட்டைப்பெட்டி மேல அங்குலக் கணக்கு போட்டிருப்பான். அதைப் பாருங்க. எழுத்தைப் பார்க்காதீங்க” என்றாள். இடுப்பைவிட இந்தப் பின்பக்கத்து அளவுதான் முக்கியமாம். அது சரியாக இருந்தால் தொடையில் துணி ரொம்ப இழுபடாது. இழுபடாத துணி கண்ணாடி மாதிரி ஆகாது.

துணியைப் பற்றி அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு பருத்தி, ஐந்து பங்கு லைக்ரா என்று போட்டிருப்பது நம் புழுக்கத்துக்கு நல்லது. அந்த லைக்ரா நூலை 1958-ல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் ஜோசப் ஷிவர்ஸ் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். பெண்களின் இடுப்புக் கச்சைக்கு ரப்பருக்குப் பதிலாக ஏதாவது வேண்டுமென்று தேடித்தான் அதில் போய் நின்றாராம். ஐந்து மடங்கு இழுத்தாலும் பழைய நிலைக்கே திரும்பும். விஸ்கோஸ் கலந்தது வழவழவென்று கைக்கு இதமாக இருக்கும், ஆனால் உடம்போடு ஒட்டி மேடு பள்ளம் அத்தனையும் காட்டும். சீக்கிரம் முழங்காலில் தொங்கிவிடும். பளபளவென்று மின்னும் நைலான் ரகம் கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் போடலாம். தினப்படிக்கு வேண்டவே வேண்டாம். வியர்வையை உறிஞ்சாது, போதாக்குறைக்கு வெளிச்சம் பட்டுத் தொடை இன்னும் பெரிதாகத் தெரியும்.

கடையில் என்ன பார்ப்பது? முஷ்டியை உள்ளே விட்டு இழுத்து ட்யூப் லைட்டுக்கு நேரே பிடியுங்கள். விரல் தெரிந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். பிறகு கால்கள் சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். நாலு தையல் ஒரே புள்ளியில் வந்து முட்டினால் அங்கே உறுத்தும், உட்கார்ந்து எழுந்தால் பிரியும். அந்த இடத்தில் டைமன் மாதிரி ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்திருந்தால் நல்லது. உள் தையல் தடித்த வரப்பு மாதிரி நிற்காமல் தட்டையாகப் படிந்திருக்க வேண்டும். தொடையோடு தொடை உரசுகிற நம்மைப் போன்றவர்களுக்கு அந்த வரப்புதான் முதல் எதிரி.

இனி, யாருக்கு எது எடுக்கும் என்கிற விஷயம். எனக்குப் பின்பக்கமும் தொடையும் அகலம், முழங்காலுக்குக் கீழே சாதாரணம். நம் வீடுகளில் பாதிப் பேருக்கு இப்படித்தான். நான் பண்ணின தப்பெல்லாம் லெக்கிங்ஸை மட்டும் பார்த்து, மேலே போடும் டாப்ஸைப் பார்க்காமல் விட்டது. தொடை எங்கே அதிக அகலமோ அங்கே டாப்ஸின் ஓரம் முடிந்தால், பார்க்கிறவர் கண் நேரே அங்கேதான் போய் நிற்கும். முழங்கால் வரையிலோ இன்னும் இரண்டு அங்குலம் கீழேயோ இறங்கிவிட வேண்டும். அடுத்தது சைடு ஓப்பன். டெய்லர்கள் வழக்கமாக இடுப்புக்குக் கொஞ்சம் கீழேயே பிளந்துவிடுவார்கள். ஸ்கூட்டியில் போனால் காற்றில் இரண்டு பக்கமும் பறக்கும். “உட்கார்ற இடத்துக்குக் கீழே ரெண்டு அங்குலம் தள்ளி ஆரம்பிங்க” என்று நான் சொன்னபோது எங்கள் டெய்லர் முகத்தைச் சுளித்தார். இப்போது ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் தைக்கிறார். மேலே சரியாகப் பிடித்து, கீழே போகப் போக விரியும் ‘ஏ-லைன்’ டாப்ஸ் எனக்கு ரொம்பப் பொருந்துகிறது. கால் மட்டும் மெலிசாக வெளியே தெரியும், மற்றதெல்லாம் உள்ளே நிம்மதியாக இருக்கும்.

நிறத்தில் கறுப்பு, கருநீலம், அரக்கு, பாசிப்பச்சை. உடம்பு நிறத்தை நான் இனி தொடுவதாக இல்லை. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே போடாத மாதிரி இருக்கிறது. வெள்ளை வேண்டுமென்றால் கனமான துணியாகப் பார்த்து, உள்ளே போடுவதைத் தோல் நிறத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

நாத்தனார் என்னைப் போல இல்லை, கால் இரண்டும் கரும்பு மாதிரி. அவள் கணுக்காலில் மடிப்பு விழும் ‘சுடிதார் லென்த்’ வாங்குகிறாள். அந்த மடிப்பு அவள் காலைக் கொஞ்சம் பூரித்தாற்போலக் காட்டுகிறது. வெளிர் ரோஸ், மஞ்சள், பூப்போட்டது, எல்லாம் அவளுக்கு எடுக்கும். பக்கத்து வீட்டுப் பெண் நாலே முக்கால் அடி. அவளும் அதையே வாங்கி, காலில் பாம்பு சுற்றின மாதிரி அத்தனை மடிப்பு! குள்ளமாக இருப்பவர்கள் கணுக்காலோடு நிற்கும் ‘ஆங்கிள் லென்த்’ எடுத்து, டாப்ஸும் லெக்கிங்ஸும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் போட்டால் இரண்டு அங்குலம் உயர்ந்த மாதிரி இருக்கும்.

பிள்ளை பெற்று ஆறேழு மாதம் ஆன பெண்களுக்கு இன்னொரு சேதி. என் தங்கைக்கு ஆபரேஷன் பண்ணித்தான் குழந்தை. மெல்லிய எலாஸ்டிக் சரியாகத் தழும்பின் மேலே வந்து உட்கார்ந்து அவளைப் படாதபாடு படுத்திற்று. அதுவுமில்லாமல் வயிற்றை நடுவில் கயிறு கட்டிய மாதிரி இரண்டாகப் பிரித்துக் காட்டிற்று. நாலு விரல் அகலத்துக்கு மேல் மெத்தென்ற பட்டை வைத்தது கிடைக்கிறது. தொப்புளுக்கு மேலே ஏறி நிற்கும். தழும்பில் படாது, வயிறும் ஒரே சீராகத் தெரியும். வயிற்றை உள்ளே தள்ளும் என்று விற்கிற இறுக்க ரகங்களை டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். அதே போல, நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவர்கள் லெக்கிங்ஸ் இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். அதற்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஸ்டாக்கிங்ஸ் தனி.

துவைப்பது சுலபம். வெந்நீரும் ப்ளீச்சிங்கும் கூடாது. உள்பக்கம் வெளியே திருப்பி அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்த வேண்டும். ஆனால் நன்றாக, எலாஸ்டிக் பட்டை வரைக்கும் உலர வேண்டும். அரை ஈரத்தோடு போட்டுக்கொண்டு போனால் என் கதைதான். ராத்திரி படுக்கும்போது கழற்றிவிட்டுத் தளர்வாக ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த தீபாவளிக்கு மூத்தவளை வேண்டுமென்றே கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். அதே கூட்டம். கவுன்ட்டரில் வேறு பெண். “இடுப்பு முப்பத்தாறு, சுத்தளவு நாற்பத்துநாலு. எனக்கு டபுள் எக்ஸெல் எடும்மா” என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரவர் வேலை அவரவருக்கு! போன வருஷம் எனக்கு எதற்கு அத்தனை வெட்கம் என்று இப்போது நினைத்தாலும் புரியவில்லை. என் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்ததும் ஓட்டலுக்குள் நுழைந்தோம். கேட்காமலே இரண்டாவது தோசை சொன்னாள்.

போன மார்கழியில் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். தினம் விடியற்காலை கோயிலுக்கு நடந்து போய் வருகிறார்கள். நடந்தால் உள்தொடை இரண்டும் உரசிப் புண்ணாகிவிடுகிறதாம். எத்தனையோ வருஷமாகத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு சமாளித்திருக்கிறார்கள், யாரிடமும் சொல்லாமல். நானும் அவர்களும் ஒரே வீட்டில் ஒரே ரகசியத்தை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்! முழங்காலோடு நிற்கும் அரை லெக்கிங்ஸ், பருத்தியில், தட்டைத் தையல் வைத்ததாக இரண்டு வாங்கி வந்து கொடுத்தேன். பாவாடைக்குள் போட்டுக்கொண்டு மாதம் முழுக்க நடந்தார்கள்.

இந்தப் பொங்கலுக்கு நாத்தனார் தஞ்சாவூர் கிளம்பியபோது அத்தை வாசல் வரை வந்து கூப்பிட்டார்கள். “ஏடி, அந்த அரை கால்சட்டை இன்னும் ரெண்டு வாங்கிட்டு வா. மூணு எக்ஸா, நாலு எக்ஸா, எனக்குத் தெரியாது. இந்தா, நாடாவை எடுத்துட்டு வந்து அளந்துட்டுப் போ.”